பெயிண்ட் பளபளக்குது, வயர் புகையுது!

மக்களே, இன்னிக்குப் பதிவு கொஞ்சம் நீளம். காபி டம்ளரோட உக்காந்துக்கங்க. பழைய கார்னா ஆகாதவங்களும் படிக்கலாம். வெளியில தெரியற வேலைக்கு லட்சம், உள்ள மறைஞ்சிருக்கற வேலைக்கு நாமம்கற நம்ம ஊர் பழக்கத்தைப் பத்தின புலம்பலும் இதுல இருக்கு.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். பழைய காரை "ரெஸ்டோர்" பண்றேன்னு கிளம்பறவங்க முதல்ல கை வைக்க வேண்டியது வயரிங்ல. அதுவும் அந்தக் கார் பிறந்தப்போ என்ன கலர் வயர் எங்க போச்சோ, அதே கலர்ல அதே வழியில. டிங்கரிங், பெயிண்ட், குரோமியம், சீட் கவர் எல்லாம் அதுக்கு அப்புறம். இதைத் தலைகீழா செய்யறதாலதான் பாதி ரெஸ்டோரேஷன் கார்கள் கண்காட்சிக்கு டிரெய்லர்ல போய் டிரெய்லர்ல திரும்பி வருது. மீதியில சில, ரோட்டோரமா புகை விட்டுக்கிட்டு நிக்குது.

எங்க ஏரியாவை எடுத்துக்கங்க. வண்டலூர்ல இருந்து வாலாஜாபாத் போற ரோடு இருக்கே, அந்த ஒரு ரோடு இந்திய மோட்டார் சரித்திரத்துல பாதியைச் சொல்லிடும். ரோடு ஆரம்பிக்கற பக்கம், பெருங்களத்தூர் - வண்டலூர் ஜிஎஸ்டி ரோட்டுல ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1948-ல ஆரம்பிச்ச கம்பெனி. 1961-ல இருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அப்புறம் 70-கள்ல கெஸல், கடைசியா 1985-ல ஸ்டாண்டர்டு 2000. 1988-ல மூடியாச்சு. அதே ரோட்டுல படப்பை தாண்டி ஒரகடம் வந்தா ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டுன்னு தொழிற்சாலைகள். ஒரகடத்துக்குப் பக்கத்துலயே எங்க வடக்குப்பட்டு. ஒரு நாளைக்கு எத்தனையோ புது வண்டி உருண்டு வெளிய வர்ற இந்தப் பட்டையில, ஒரு ஹெரால்டுக்கு ஹெட்லைட் எரியலைன்னா பார்த்துச் சொல்ல ஆள் தேடி அலையணும். இது எனக்கு வேடிக்கையா இருக்கு. கொஞ்சம் கோபமாவும் இருக்கு.

கலர்னா சும்மா அழகுக்கு இல்லீங்க

ஹெரால்டு, அம்பாசடர் மாதிரி பிரிட்டிஷ் டிசைன்ல வந்த வண்டிகள்ல வயர் கலர்ங்கறது ஒரு பாஷை. பிரவுன்னா பேட்டரியில இருந்து நேரா வர்றது, எப்பவும் உயிரோட இருக்கும், நடுவுல ஃப்யூஸ் கிடையாது. வெள்ளைன்னா சாவி போட்டா மட்டும் வர்றது. பச்சைன்னா சாவி போட்ட பிறகு ஃப்யூஸ் தாண்டி வர்றது. ஊதான்னா ஃப்யூஸ் உண்டு, ஆனா சாவி இல்லாமலே வரும். நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க் லைட், கருப்பு எர்த். நீலத்துல வெள்ளைக் கோடு இருந்தா பிரைட், சிவப்புக் கோடு இருந்தா டிப். பச்சையில சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது. பச்சையில ஊதாக் கோடு பிரேக் லைட்.

இவ்வளவுதான். ஒரு சாயங்காலத்துல மனப்பாடம் ஆயிடும். இது தெரிஞ்சவருக்கு டேஷ்போர்டுக்குக் கீழ தலையை விட்ட உடனே வண்டி பேச ஆரம்பிச்சிடும். (ஃபியட்காரங்க கோச்சுக்காதீங்க, உங்க இத்தாலியன் பாஷை வேற. அதுக்கு இதே மரியாதையோட தனிப் பதிவு போடலாம்.)

இப்ப நடக்கறது என்ன? பழைய வயர் கட்டு மொத்தத்தையும் உருவி குப்பையில போட்டுட்டு, கடையில கிடைக்கற ஒரே சிவப்பு வயர் சுருளை வாங்கி வண்டி முழுக்க இழுத்துடறாங்க. மேல கருப்பு டேப் சுத்தினா கட்டு புதுசு மாதிரி மின்னும். டெலிவரி எடுக்கற அன்னிக்கு எல்லா லைட்டும் எரியும். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு லைட் நின்னா? இருபது சிவப்பு வயர்ல எது எதுன்னு எந்த ஆண்டவனுக்குத் தெரியும்? போட்ட ஆளுக்கே தெரியாது. அப்ப அவர் என்ன செய்வார்? இன்னொரு சிவப்பு வயரை வெளிய இழுத்து நேரடியா லைட்டுக்குக் கொடுப்பார். அதுக்கு ஃப்யூஸ் இருக்காது. இப்படி மூணு தடவை நடந்தா அது காரா, கல்யாண வீட்டு சீரியல் செட்டா?

பாதி வியாதிக்குப் பேரு எர்த்

லூகாஸ்னாலே ஆங்கிலேயர்களுக்குக் கிண்டல்தான். "இருட்டின் இளவரசன்"னு பட்டப்பேர் வச்சு இன்னிக்கும் ஜோக் சொல்லிட்டிருக்காங்க. நம்மகிட்ட 1961-ல லூகாஸ் டிவிஎஸ் ஆரம்பிச்சு, டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் பாடியிலயே தயாராச்சு. கிண்டலும் கூடவே இறக்குமதி ஆயிடுச்சு. என்னைக் கேட்டா லூகாஸ் மேல ஏறின பழியில பெரும்பங்கு எர்த்துக்குச் சேர வேண்டியது.

காரணம் சிம்பிள். கார்ல ஒரு வயர் பல்புக்குப் போகுது. திரும்பி வர்ற வழி வண்டியோட இரும்பு உடம்பு. அந்த உடம்புக்கும் பல்பு ஹோல்டருக்கும் நடுவுல துரு இருந்தாலோ பெயிண்ட் இருந்தாலோ வழி அடைபடும். அதனாலதான் ரெஸ்டோர் பண்ணின கார்ல இந்த வியாதி இன்னும் அதிகம்! புதுசா நாலு கோட் பெயிண்ட் அடிச்சு, பிராக்கெட்டுக்கெல்லாம் பவுடர் கோட்டிங் போட்டு, அழகா போல்ட் முறுக்கிடறோம். கரண்டு எந்த வழியா திரும்பி வரும்?

இதோட அறிகுறிகள் விசித்திரமா இருக்கும். பிரேக் மிதிச்சா பார்க் லைட் மினுக்கும். இண்டிகேட்டர் போட்டா பின்னாடி இருக்கற வேற ஏதோ லைட்டும் சேர்ந்து துடிக்கும். பேய் பிடிச்ச மாதிரி இருக்கும். பேய் எல்லாம் இல்லை. நேர் வழி அடைபட்டதால கரண்டு பக்கத்து ஃபிலமெண்ட் வழியா சுத்தி வீடு திரும்புது, அவ்வளவுதான்.

இதுல பயங்கரமானது எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற எர்த் பட்டை. எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு. அந்தப் பட்டையை ரெஸ்டோரேஷன்ல மறந்து விட்டுட்டா, செல்ஃப் அடிக்கறப்ப ஓடற நூத்துக்கும் மேற்பட்ட ஆம்ப்பியர் வேற வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள்னு கிடைச்ச இரும்புக் கம்பி வழியா ஓடும். சோக் கேபிள் செவசெவன்னு பழுத்து, மேல இருக்கற உறை உருகும். பக்கத்துல கார்புரேட்டர், அதுல பெட்ரோல். மீதியை நீங்களே கற்பனை பண்ணிக்கங்க.

கணக்கும் பார்த்துடலாம். ஒரு ஜாயிண்ட்ல 0.1 ஓம் தடை. அது வழியா 10 ஆம்ப்பியர் ஓடுது. 1 வோல்ட் அங்கயே காலி, 10 வாட் சூடு அந்த இடத்துல. பத்து வாட்தானேன்னு தோணும். நாம உபயோகிக்கற சாதா சால்டரிங் அயர்ன் 25 வாட்தாங்க. அப்புறம் பல்புக்கு 12-க்குப் பதில் 11 வோல்ட் போனா வெளிச்சம் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் குறையாது. கிட்டத்தட்ட கால்வாசி போயிடும். "பழைய கார்னா லைட் மங்கலாத்தான் இருக்கும் சார்"னு சொல்றவங்ககிட்ட இந்தக் கணக்கைக் காட்டுங்க.

மீட்டர் பொய் சொல்லும்

எங்க பக்கத்துல ஒரு பெரியவர், ஆட்டோ எலக்ட்ரீஷியன். ரெண்டு வயர், ஒரு ஹோல்டர், ஒரு 21 வாட் பல்பு. அதுதான் அவரோட லேப். நான் மல்டிமீட்டரை எடுத்துட்டுப் போனா சிரிப்பார். "தம்பி, வண்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. உன் பெட்டிக்குத் தெரியும்"பார்.

அவர் சொல்றதுல விஷயம் இருக்கு. பேட்டரியைக் கழட்டி வச்சுட்டு வயரோட ரெண்டு முனையில மீட்டரை வச்சுப் பார்த்தா பீப் அடிக்கும், வயர் நல்லா இருக்குன்னு நினைப்போம். 28 இழை இருக்கற வயர்ல 27 அறுந்து ஒண்ணு மட்டும் தொங்கிட்டு இருந்தாலும் பீப் அடிக்கும்! மீட்டர் அனுப்பற துளி கரண்டுக்கு அந்த ஒரு இழை போதும். ஹெட்லைட்டுக்குப் போதுமா? லோடு கொடுத்துப் பார்த்தாதான் உண்மை தெரியும். அவரோட 21 வாட் பல்பு அதைத்தான் செய்யுது.

மீட்டரை வச்சே சரியா பார்க்க வழி உண்டு. லைட்டை எரிய விட்டுட்டு, ஒரு முனையை பேட்டரியோட எர்த் கம்பத்துல, இன்னொரு முனையைப் பல்போட உலோக உறையில வைக்கணும். 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்ல கோளாறு. அதே மாதிரி சப்ளை பக்கம். இப்படி ஒவ்வொரு ஜாயிண்டா நகர்ந்தா வோல்ட் எங்க காணாமப் போகுதுன்னு பத்து நிமிஷத்துல மாட்டிக்கும்.

ஃப்யூஸ் போட்ட உடனே போயிட்டே இருக்கா? இருபது ஃப்யூஸைக் காவு கொடுக்க வேண்டாம். ஃப்யூஸ் இருக்கற இடத்துல அந்த 21 வாட் பல்பை மாட்டுங்க. எங்கயோ ஷார்ட் இருந்தா பல்பு முழு வெளிச்சத்துல எரியும். வயரும் வேகாது. இப்ப ஒவ்வொரு கிளையா கழட்டிட்டே வாங்க. எதைக் கழட்டினப்ப பல்பு அணையுதோ, அங்க திருடன்.

பேட்டரி ராத்திரியில இறங்குதா? எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு எர்த் லீடைக் கழட்டி, லீடுக்கும் பேட்டரி கம்பத்துக்கும் நடுவுல சின்ன டெஸ்ட் பல்பை வைங்க. எரிஞ்சா யாரோ கரண்டு குடிச்சுட்டிருக்காங்க. கடிகாரமா, மூடின டிக்கிக்குள்ள எரியற லைட்டான்னு ஒண்ணொண்ணா தேடலாம்.

இன்னொண்ணு. பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஏறினா ரெண்டு மீட்டரையும் மாத்தக் கிளம்பாதீங்க. 60-களோட பிரிட்டிஷ் டிசைன் கார்கள் பலதுலயும் அந்த ரெண்டுக்கும் பொதுவா, சராசரி 10 வோல்ட் கொடுக்கற ஒரு சின்ன ஸ்டெபிலைசர் டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கும். அதுக்கு எர்த் சரியா கிடைக்கலைன்னா முழு 12 வோல்ட்டும் போய் ரெண்டு முள்ளும் சேர்ந்து பொய் சொல்லும்.

ஒரிஜினல்தான், ஆனா முட்டாள்தனமா இல்ல

"அப்ப ஃப்யூஸே இல்லாம அப்படியே வச்சுக்கணுமா?"ன்னு யாராவது கேப்பீங்க. நியாயமான கேள்வி. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலதுல மொத்தமே ரெண்டு ஃப்யூஸ்தான். ஹெட்லைட்டுக்குக் கிடையாது. ஃப்யூஸ் போய் ராத்திரி ரெண்டு லைட்டும் சேர்ந்து அணைஞ்சா ஆபத்துன்னு அதுக்கு ஒரு காரணமும் சொன்னாங்க. இன்னிக்கு அறுபது வயசு வயருக்கு அந்த தைரியம் கூடாது.

என் பார்வை இதுதான்: சேர்க்கறது எதுவா இருந்தாலும் திரும்ப எடுக்க முடியணும், பழசை வெட்டக் கூடாது. டிப்புக்குத் தனி, பிரைட்டுக்குத் தனின்னு ஃப்யூஸ் சேர்க்கலாம். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும். ஹெட்லைட்டுக்கு ரிலே போடலாம், பழைய சுவிட்ச் வழியா பெரிய கரண்டு போகாது. பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் கண்டிப்பா வேணும். வண்டியை நிறுத்தினா திருகிட்டு நிம்மதியா தூங்கலாம். பழைய பருத்தி நூல் உறை போட்ட வயர்ல உள்ள இருக்கற ரப்பர் நம்ம வெயில்ல பொரிஞ்சு அப்பளம் மாதிரி உடையும். அதை வச்சுக்கிட்டு "ஒரிஜினல்"னு பெருமைப்பட்டா அது பெருமை இல்ல, வினை. புது வயர் போடுங்க. அதே கலர், அதே கனம் அல்லது அதுக்கும் மேல.

கனம்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஆல்டர்நேட்டர் மோகம். பழைய டைனமோ கொடுத்தது 20 ஆம்ப்பியர் சுமாருக்கு. அதைக் கழட்டிட்டு 50, 60 ஆம்ப்பியர் ஆல்டர்நேட்டரை மாட்டறாங்க. நல்லதுதான். ஆனா அதே பழைய பிரவுன் வயர், அதே 30 ஆம்ப்பியர் அம்மீட்டர் வழியா விட்டா? பேட்டரி இறங்கியிருக்கற அன்னிக்கு அந்த வயர் என்ன பாடுபடும்! கூடவே பொலாரிட்டியையும் பாருங்க. 60-களோட நடுப்பகுதி வரைக்கும் பெரும்பாலான பிரிட்டிஷ் கார்கள்ல பேட்டரியோட பாசிட்டிவ் பக்கம்தான் எர்த். அது தெரியாம ஆல்டர்நேட்டரை மாட்டினா டயோடு அங்கயே அவுட்.

சட்டத்துக்கும் வயர் கண்ணுக்குத் தெரியலை

2021 ஜூலைல மத்திய அரசு பழமையான வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதி கொண்டு வந்தாங்க. 50 வருஷத்துக்கு மேல ஆன டூவீலரும் காரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பர்ல 'விஏ'ன்னு எழுத்து. நல்ல முயற்சி, பாராட்டறேன். ஆனா "ஒரிஜினல் நிலையில இருக்கணும், பெரிய மாற்றம் கூடாது"ன்னு சொல்ற இடத்துல சேஸிஸ், பாடி, எஞ்சின் மூணைத்தான் பேர் சொல்றாங்க. வயரிங் பேச்சே இல்லை. உள்ள முழுக்க சிவப்பு வயர் சிக்கல் இருந்தாலும் அந்த வரையறைப்படி அது சுத்தமான பழமைதான். சர்வதேச பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா ஏத்துக்கிட்ட டூரின் சாசனம், செய்யற மாற்றம் திரும்பப் பெறக்கூடியதா இருக்கணும்னு சொல்லுது. அந்த எண்ணம் இங்க கண்காட்சியில மார்க் போடறவங்களுக்கும் வரணும். பானட்டைத் திறந்து குரோமியத்துல முகம் பார்க்கற நேரத்துல, டேஷ்போர்டுக்குக் கீழ ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க ஐயா!

எங்க ஊர்ல இன்னொரு பழமை இருக்கு. 2022-ல இந்தியத் தொல்லியல் துறை வடக்குப்பட்டுல தோண்டினப்போ கற்கருவிகள், ரோமானிய ஆம்ஃபோரா ஜாடியோட உடைஞ்ச ஓடுகள் எல்லாம் கிடைச்சதா செய்தி வந்துச்சு. தொல்லியல்காரங்க எப்படி தோண்டுவாங்கன்னு கவனிச்சா ஒண்ணு புரியும். ஒவ்வொண்ணையும் எடுக்கறதுக்கு முன்னாடி எந்த ஆழத்துல, எது பக்கத்துல இருந்ததுன்னு குறிச்சு வச்சுக்கறாங்க. இடம் தெரியாத ஓடு வெறும் ஓடுதான். பழைய வயர் கட்டுக்கும் அந்த மரியாதை வேணும். உருவறதுக்கு முன்னாடி போட்டோ, ஒவ்வொரு முனையிலயும் நம்பர் போட்ட துண்டுச் சீட்டு, நீளம் அளந்து ஒரு நோட்டுல. நச்சுன்னு அரை நாள் வேலை. அந்தக் கட்டை எடைக்குப் போட்டா செம்புக்கு என்ன கிடைக்கும்? ஒரு வேளை பிரியாணி. தொலைஞ்சு போறது அந்தக் காரோட முழு வரைபடம்.

கை இருக்கு, வேலை கொடுப்பார் இல்லை

என் ஆதங்கத்தோட மையம் இதுதான். இன்னிக்கு இருக்கற நவீன கார்லயும் வயரிங் ஹார்னஸ் பெரும்பாலும் மனுஷக் கையாலதான் கட்டப்படுது, உலகம் முழுக்க. பெரிய பலகையில வரைபடம் ஒட்டி, ஆணி மாதிரி முளைகள் வச்சு, ஒவ்வொரு வயரா போட்டு டேப் சுத்தறாங்க. ரோபோவுக்கு வளையற வயரைப் பிடிக்கறது இன்னும் கஷ்டம். இந்த வேலையை நல்லாத் தெரிஞ்ச பொண்ணுங்களும் பசங்களும் எங்க ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பட்டையில நிறைய பேர். ஒரு ஹெரால்டு ஹார்னஸ் அவங்களுக்கு எல்கேஜி பாடம். இங்கிலாந்துல பழைய கார்களுக்கு அதே கலர், அதே நூல் உறையோட ஹார்னஸ் கட்டித் தரவே கம்பெனிகள் இருக்கு. நாம ஏன் அங்கிருந்து கப்பல்ல வரவழைக்கணும்? ஒரு பலகை, கலர் கலரா வயர் சுருள், கிரிம்ப்பிங் டூல், அந்தப் பெரியவர் மாதிரி ஒருத்தர் வழிகாட்ட. ஒரு சின்ன ஷெட்டு போதும்.

அந்தப் பெரியவருக்கு வாரிசு இல்லை. அவர் பையன் ஒரகடத்துல ஒரு கம்பெனியில ஸ்கேனரை மாட்டி எர்ரர் கோடு படிக்கற வேலை. அதுவும் நல்ல வேலைதான், குறை சொல்லலை. ஆனா கோடு கொடுக்கத் தெரியாத காரை யார் படிப்பாங்க? பெயிண்டுக்கு ரெண்டு லட்சம் கொடுக்கறவங்க, வயரிங்குக்கு இருபதாயிரம் கேட்டா "என்னப்பா, நாலு வயர்தானே"ன்னு பேரம் பேசறாங்க. அந்த நாலு வயர்தான் உங்க பேரப் புள்ளைங்களை உக்கார வச்சு மகாபலிபுரம் ஓட்டிட்டுப் போறப்போ உங்களுக்கும் நெருப்புக்கும் நடுவுல நிக்குது.

அதனால வீட்டுல தாத்தா காலத்து ஹெரால்டோ அம்பாசடரோ ஷெட்டுல தூங்கிட்டிருந்தா, அடுத்த ஞாயித்துக்கிழமை பெயிண்ட் ஷேடு கார்டை எடுக்காதீங்க. ஒரு டார்ச்சும் நோட்டும் எடுத்துட்டு டேஷ்போர்டுக்குக் கீழ படுங்க. பிரவுன் எங்க போகுதுன்னு அங்கிருந்து ஆரம்பிங்க.

டிஸ்கி 1: எலி கடிச்ச வயருக்கு டேப் சுத்தினா எலிக்கு அது சாஸ் மாதிரி. வெட்டி, சரியா கிரிம்ப் பண்ணி ஜாயிண்ட் போடுங்க. :-)

டிஸ்கி 2: வண்டியில ஒரு சின்ன தீயணைப்பான் வச்சுக்கங்க. கை எட்டற இடத்துல, டிக்கியில இல்ல.

டிஸ்கி 3: ஃபியட் வச்சிருக்கற பதிவர்கள் யாராவது அந்த கலர் அட்டவணையை எழுதுங்கப்பா. படிக்க நான் ரெடி.